நடை

ஹீலா பெண்ட் தாண்டும்போதே
பெட்ரோல் பங்கில் வாங்கிய காபி ஆறிவிட்டது.
மணி ஐந்தே முக்கால்.
மார்ச் மாதத்துப் பாலையில் பல் கிட்டும் என்று
யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ரோசலிண்டா முக்காலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு
முள்வேலி ஓரமாக முன்னே போகிறாள்.
எட்டு மாதமாக ஒரே ஷிஃப்டில் இருக்கிறோம்,
சாண்ட்லரில், சிப் தொழிற்சாலையின் தூய அறையில்.
உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடை,
முகமூடி, கண்ணாடி, கையுறை.
அங்கே யாருக்கும் முகம் கிடையாது.
தூரத்தில் வருவது யாரென்று
நடையை வைத்துத்தான் சொல்லுவோம்.
இடது காலைச் சற்று இழுத்தால் கர்டிஸ்.
தரையோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்தால் சூப்பர்வைசர்.
ஓட்டமும் இல்லை நடையும் இல்லை என்றால்
இவள்.

இவள் கன்னத்தில் மரு இருப்பது
இன்று எனக்குப் புதுச் செய்தி.

வெளிச்சம் வந்ததும்
சகுவாரோ கள்ளியின் பொந்திலிருந்து
மரங்கொத்தி ஒன்று எட்டிப் பார்த்தது,
வாடகை பாக்கிக்கு வந்தவர்களைப் பார்ப்பது போல.
பார்த்துவிட்டு உள்ளே போனது போனதுதான்.

பாலைக்குப் பிரிவு என்று பரீட்சையில் எழுதி
முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.
இங்கே எதைப் பார்த்தாலும் சோடி.
கொண்டைக் காடைகூட
ஒன்று மேய, ஒன்று கல்மேல் காவல்.
மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்கலாமா என்றிருந்தது.

நாங்கள் தேடி வந்தது காடையை அல்ல.
த்ராஷர். மணலின் நிறம், அரிவாள் அலகு,
இறக்கை இருந்தும்
புதருக்குப் புதர் ஓடியே பிழைக்கும் பறவை.
பத்து மணி வரை மணலைத்தான் படம் எடுத்தோம்.
பதினொன்றுக்குக் கானல் கிளம்பி
லென்ஸுக்குள் தொலைவெல்லாம் நெளிந்தது.
எலுமிச்சைச் சோற்றில் நறநறவென்று மணல்.
ஒரு துகள் விழுந்தால் ஒரு வேஃபர் போச்சு என்று
மூச்சைக்கூட அளந்து விடும் நாங்கள்
துகள்களை மென்று விழுங்கினோம்.

அப்போதுதான் உப்புப் புதரின் அடியில்
ஏதோ அசைந்தது.
நிறம் தெரியவில்லை. அலகும் தெரியவில்லை.
வாலைத் தூக்கிக்கொண்டு
கானலுக்குள் ஒரு கீற்று,
ஓட்டமும் இல்லை நடையும் இல்லை.

"அதுதான்!"
அவள் ஸ்பானிஷில், நான் தமிழில்,
ஒரே மூச்சில்.

பதினேழு படம்.
பதினாறில் புதர்.
மீதி ஒன்றில் ஒரு வால் இருக்கிறது,
நான் சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும்.

காருக்குத் திரும்பும்போது கேட்டேன்:
"உள்ளே நான் எப்படி நடப்பேன்?"
அவள் யோசிக்கவே இல்லை.
"எதையோ வைத்துவிட்டு வந்தவள் மாதிரி.
இப்போதே திரும்பிவிடுவாய் என்று தோன்றும்."

சிரித்துக்கொண்டே பையைத் தடவினேன்.
லென்ஸ் மூடியைக் காணோம்.
சோறு தின்ற இடத்தில், அந்தக் கல்லின் மேல்.

திரும்பி நடந்தேன்.
பத்தடி போயிருக்க மாட்டேன்,
முதுகுக்குப் பின்னால்
கடகடவென்று ஷட்டர் சத்தம்.