பங்கேற்பாளர் ஏழு

படிவம் இரண்டு பக்கம்.
பெல்ஜியத்தில் ஒரு குழு கூடி ஒப்புதல் தந்ததைத்
தமிழாக்கி
முக்கூடல் பஸ் ஸ்டாண்டு எதிரே
பிரதி இரண்டு ரூபாய்க்கு எடுத்துவந்தேன்.

சுடலைவடிவு மடியில் சொளவு.
சொளவில் தூள், நனைத்த இலை, நூல்கண்டு.
"நீயே வாசிட்டி, எனக்குக் கை சோலியா இருக்கு."

வாசித்தேன்.
இந்த ஆய்வில் பங்கேற்பது உங்கள் விருப்பம்.
எந்த நேரத்திலும் நீங்கள் விலகிக்கொள்ளலாம்.
காரணம் சொல்லத் தேவையில்லை.

கத்தரி நின்றது.
"எதுலருந்துட்டி?"

ஆய்விலிருந்து, என்றேன்.

"ஓ, அவ்வளவுதானா"
என்று அடுத்த இலையை எடுத்தாள்.

*

சமூகவியல் முதுகலை, முதல் பருவம்:
கேள்வி கேட்பவளும் களத்தில் ஒரு ஆள்;
தான் நிற்கும் இடத்தை அவள் முதலில் சொல்லவேண்டும்.
அதற்கு முந்நூறு சொல் ஒதுக்கியிருந்தார்கள்.

எங்கள் பக்கம் அவ்வளவு ஆகாது.
எந்த ஊரு.
ஊர்ல எங்க.
யாரு வீடு.
மூன்றாவதில் ஆளை எடைபோட்டுப்
பொட்டலம் கட்டிவிடுவார்கள்.

அங்கே முதல் கேள்வியோடு நின்றுகொண்டார்கள்.
இந்தியாவா, அங்கே மழை எப்படி, என்று.
ஒன்றரை மாதம்
தோளில் பையில்லாமல் நடந்தது போலிருந்தது.

விடுதிச் சமையலறைக்கு ஒருநாள்
புளி கடன் கேட்டு ஒரு தமிழ்ப் பையன் வந்தான்.
"திருநெல்வேலியா? திருநெல்வேலில எங்க?"
அடுப்பைத் தணித்துவிட்டு
முக்கூடல் என்றேன்.
அடுத்து அவன் வாயைத் திறக்குமுன்
டப்பாவோடு புளியைக் கொடுத்து அனுப்பினேன்.
இரண்டு வாரம் நான் ரசம் வைக்கவில்லை.

*

என் கேள்வித்தாளில் நான்காவது: தெரு.

நான்தான் அச்சடித்தேன்.
மூன்றை முடித்து ஐந்துக்குத் தாவினேன்.
வடிவு நிமிரவில்லை.
"நடுவுல ஒண்ண விட்டுட்டல்லா.
கேளு. கேக்கத்தான வந்த.
நீ எந்தத் தெருன்னு எனக்குத் தெரியும்.
நான் எந்தத் தெருன்னு ஒனக்குத் தெரியும்.
அந்த வெள்ளைக்காரனுக்குல்லா தெரியாது, எழுதிக்க."

எழுதிக்கொண்டேன்.
அதற்குப் பிறகுதான்
தண்ணீர் வேணுமா என்று கேட்டாள்.
வேணும் என்றேன்.
கொண்டுவந்து வைத்துவிட்டு
நான் குடிக்கிறேனா என்று
கத்தரியை நிறுத்திப் பார்த்தாள்.

*

பதிவு ஒரு மணி பன்னிரண்டு நிமிடம்.
ராத்திரி காதுக்குள் ஓடவிட்டுத் தட்டச்சு செய்தேன்.
கல்யாணம், கத்தரி.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, கத்தரி.
சனிக்கிழமை கடைக்காரன் கழித்துப்போட்ட கட்டு,
அவன் அம்மாவைச் சேர்த்து ஒரு வசவு, கத்தரி.
மூத்தவள் பன்னிரண்டோடு நின்றது ஏன் என்று கேட்ட இடத்தில்
கத்தரி மட்டும்.

இங்கே 'மௌனம்' என்று போடுவது முறை.
போட்டேன். அழித்தேன்.
திரும்ப ஓடவிட்டு எண்ணி
'நாற்பத்தொரு இலை' என்று போட்டேன்.

கெண்ட் நகரத்திலிருந்து திரைவழியே
பேராசிரியை மரியெக்கெ விசாரித்தார்:
இது என்ன அளவு?
விநாடியில் எத்தனை?

இன்னும் பதில் எழுதவில்லை.

*

கிளம்பும்போது சொன்னேன்:
உங்க பேரை மாத்திருவேன் அக்கா,
யாருக்கும் அடையாளம் தெரியாது.

"எம் பேருக்கு என்ன கொறச்சல்?"

விதி, என்றேன்.

நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு
கொஞ்சம் யோசித்தாள்.
பிறகு முகமெல்லாம் சிரிப்பு.
"அப்பம் கடைக்காரன் பொண்டாட்டி பேரப் போடு.
அவ ஒருநாளாவது சுத்தட்டும்."

போட்டேன்.
மூன்றாம் அத்தியாயம் முழுக்க
அந்த அம்மாள்தான் இலை வெட்டுகிறாள்,
தூள் நெடியில் இருமுகிறாள்,
விரல்நுனி மஞ்சளாகிறாள்,
நாளைக்கு எண்ணூறு.

அவளிடம் நான்
ஒப்புதல் வாங்கவில்லை.