நாலு ஐம்பது

தேச்சம்மா ஐந்து மணிக்கு எழுகிறாள் என்று
மைசூர்ப் போட்டியின்போது யாரோ சொன்னார்கள்.
அன்றிரவே என் அலாரத்தை
நாலு ஐம்பதுக்கு வைத்தேன்.
பதினொரு வருஷம்
அந்தப் பத்து நிமிடத்தில்தான் குடியிருந்தேன்.

அல்சூரிலிருந்து கப்பன் பார்க் வரை
இருட்டில் ஸ்கூட்டர்.
பால் வண்டியும் நானும்
யாருமே கடக்காத சிவப்பு விளக்குக்குக்
கட்டுப்பட்டு நிற்போம்.
குடகிலிருந்து வந்தவளுக்கு இதெல்லாம் ஒரு குளிரா என்று
கையுறையைக் கழற்றிப் பையில் திணிப்பேன்.
அவள் பார்க்கிறாளா என்ன?
பார்க்கிறாள் என்றே வைத்துக்கொண்டேன்.

இருபத்து மூன்று ஆட்டம்.
எனக்கு ஒன்பது, அவளுக்குப் பதினான்கு.
ஒன்பதையும் பந்து பந்தாகச் சொல்வேன்.
பதினான்கை என் இடது முட்டி சொல்லும்.

கோட்டை ஒட்டி நேராக வரும் அவள் பேக்ஹேண்ட்,
செம்மண்ணில் ஒரு கீறல் மட்டும் போட்டுவிட்டுப் போகும்.
அதற்காகத்தான் நரம்பை ஐம்பத்தாறு பவுண்டில் முறுக்கினேன்.
அதற்காகத்தான் வலப்பக்கம் ஓடப் புதிதாய்க் கற்றேன்.
அதற்காகத்தான் அண்ணன் கல்யாணத்தில்
தாலி ஏறிய கையோடு
செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

போன பிப்ரவரி, கால் இறுதி.
அவளுடைய இரண்டாவது சர்வ்
வலையின் நடுவயிற்றில் விழுந்தது.
ஒருமுறை என்றால் சரி.
ஏழு முறை.
தோளைப் பிடித்துக்கொள்ளவில்லை, அந்த நடிப்பு அவளுக்கு வராது.
மரத்திலிருந்து ரோஸ் நிறத்தில் ஒரு பூ
அவள் பக்கம் விழுந்தது.
ராக்கெட் நுனியால் அதை ஓரம் தள்ளினாள்,
எந்தப் பந்துக்கும் எடுக்காத நேரத்தை
அந்தப் பூவுக்கு எடுத்துக்கொண்டு.

ஆறு ஒன்று. ஆறு பூஜ்யம்.
இதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்?
கை குலுக்கினோம்.
அவள் உள்ளங்கையில் காய்ப்பே இல்லை.
இருபத்து நான்காவதை நான்
கணக்கில் சேர்க்கவில்லை.

ஜூனில் கிளப்பில் கேக் வெட்டினாள்.
என்னைப் பேசச் சொன்னார்கள்.
"நல்ல ஆட்டக்காரி" என்றேன், உட்கார்ந்துவிட்டேன்.
கேக்கின் மேலிருந்த பச்சைப் பந்தை
எனக்கென்று அறுத்துத் தட்டில் வைத்தாள்.
தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் பொய்.
நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் சின்னப் பெண்களிடம் தோற்றேன்,
வரிசையாக நாலு பேரிடம்.
வலிக்கவில்லை.
பல் பிடுங்கிய அன்று
மரத்த உதட்டைக் கடித்துக் கடித்துப் பார்ப்போமே,
அப்படிக் கடித்துப் பார்த்தேன்.

நரம்பு கட்டும் ஃபைரோஸ் பாய்
எப்போதும் கேட்பதைத்தான் கேட்டார்:
"அடுத்து யாரோட?"
"ஐம்பத்திரண்டே போடுங்க பாய்."
நிமிர்ந்து பார்த்தார்.
நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

நேற்று அவளே போன் செய்தாள்.
பிரிக்காத ஷூ இரண்டு ஜோடி கிடக்கிறதாம்,
உன் சைஸ்தான், எடுத்துக்கொள் என்றாள்.
என் சைஸ் உனக்கு எப்படி?
"பத்து வருஷமா உன் காலடியைத்தானே பார்த்துக்கிட்டிருந்தேன்,
அல்சூர். மண்ணுல பதியுமில்லே."

என்ன பேசுவதென்று தெரியாமல்,
இப்போதும் ஐந்து மணிக்கு எழுகிறாயா என்றேன்.
"ஐந்தா? நானா?
என்னைக்குமே ஆறரைதானம்மா" என்று
சிரிக்கத் தொடங்கியவள்,
என் பக்கம் சத்தமே இல்லாததால்
பாதியில் நிறுத்தினாள்.

இன்று நாலு ஐம்பதுக்கு அடித்தது. அணைத்தேன்.
அவள் தூங்கிக்கொண்டிருந்த அத்தனை விடியலிலும்
எனக்கு முன்னால் ஓடியது யார்?
ஐந்து ஆயிற்று. ஐந்து பத்து.
இந்நேரம் பால் வண்டி
சிக்னலில் தனியாக நிற்கும்.

ஐந்தேகாலுக்கு எழுந்தேன்.
வாசலில் நல்ல குளிர்.
கையுறையைப் போட்டுக்கொண்டு
வண்டியைக் கிளப்பினேன்.