சொட்டாத குழாய்

நாங்கள் விற்பது வாஷர்.
குழாய்க்குள், குக்கர் மூடிக்குள், கழிப்பறைத் தொட்டிக்கு அடியில்
யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில்
போய் உட்கார்ந்துகொள்ளும் கறுப்பு ரப்பர் வளையம்.
பதினோரு அளவு, ஒரே நிறம்.
வால்பராய்சோவின் குன்றுகளில் பாதி வீட்டுக்கு
எங்களைத் தெரியும்,
முகத்தால் அல்ல,
இரவில் ஒரு சத்தம் நின்றுபோனதால்.

சாந்தியாகோவில் நாற்பது கடை வைத்திருப்பவர்கள்
எழுதியிருந்தார்கள்: சரக்கு பிடித்திருக்கிறது,
அட்டைப்பெட்டிக்கு நல்ல படம் அனுப்புங்கள்.
நிபால்தோ கைபேசியில் எடுத்தார்.
என் தங்கை பார்த்துவிட்டு
ஆலிவ் பழமா என்றாள்.

முதலில் வீஞ்யாவில் ஒரு ஸ்டுடியோ.
வெள்ளைத் தரை, வெள்ளைச் செருப்பு,
கட்டைவிரல் உயரக் கோப்பையில் காபி.
கேட்ட தொகைக்கு
நாலு மாதம் ரப்பர் வாங்கலாம்.
மாதிரி காட்டினார்:
நடுவில் எங்கள் வாஷர், சுற்றிலும்
கண்ணாடிக் கிரீடம் போலத் தண்ணீர் தெறிக்கிறது.
"தெறித்தால் அது பழுது, ஐயா" என்றேன்.
நகைச்சுவை என்று நினைத்து நெடுநேரம் சிரித்தார்.

அடுத்து விளாதிமிர்.
கல்யாணப் படம் எடுப்பவர், மலிவு, நல்ல மனிதர்.
எதையும் சூரியனுக்கு முன்னால் நிறுத்திவிடுவார்.
முக்கால் அங்குல வளையத்தை ஒரு இதழின்மேல் வைத்தார்;
ஒரு கணம் நானே அதை மோதிரம் என்று நம்பிவிட்டேன்.
நிபால்தோ எடுத்து என் விரலில் போட்டார்.
தொளதொளவென்று சுழன்றது.
இருபத்தாறு வருடத்தில்
அவர் அப்படிச் செய்தது இரண்டாம் முறை.
இவரையே வைத்துக்கொள்ளலாம் என்று இரவில் சொன்னேன்.
காலையில் வேண்டாம் என்றேன்.

யாஸ்னா முதுகுப்பையோடு படியேறி வந்தாள்.
காப்பீட்டு நிறுவனங்களுக்கு எடுப்பவள்.
அவள் தொகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை:
உப்பிய மரத்தரை, இறங்கிவந்த கூரை,
கரிபிடித்த அடுப்படியில் ஒரே ஒரு வெள்ளைத் தட்டு.
பதினாலாம் பக்கத்தில் ஒரு கைகழுவுதொட்டி.
"அரை அங்குலமா?" என்று கேட்டேன்.
"ஆமாம், வாஷர் போய்விட்டது.
கீழ்வீட்டுப் பியானோவும் போய்விட்டது."

பிறகு அவள் கேட்டாள்:
"உங்கள் வாஷர் ஒழுங்காக வேலை செய்தால் என்ன ஆகும்?"
"ஒன்றும் ஆகாது."
"அப்படியானால் அதைத்தான் எடுக்க வேண்டும்"
என்று நோட்டில் குறித்துக்கொண்டாள்.

ஒப்பந்தம் ஒரே பக்கம்.
பாதி முன்பணம். படங்கள் இரண்டு வருடத்துக்கு மட்டும்,
பிறகு வேண்டுமானால் மறுபடி பேச வேண்டும்.
வாஷர் நம்முடையது, காசு நம்முடையது,
படம் மட்டும் அவளுடையதா என்று
நிபால்தோ வாசல்வரை போய்த் திரும்பிவந்தார்.
மூன்று வருடத்துக்கு இழுத்தோம்.
அவள் இன்னொரு கரண்டி சர்க்கரை கேட்டாள்,
கையெழுத்துப் போட்டாள்.

ஸ்டுடியோ வேண்டாம் என்றுவிட்டாள்.
எதிர்வீட்டு ஒர்த்தென்சியாவின் சமையலறைக்குப் போனோம்.
இரண்டு குளிர்காலத்துக்கு முன் நாங்கள் சரிசெய்த குழாய்.
அடியில், அன்று சொட்டுக்கு வைத்த தகர வாளி
எடுக்க மறந்து அப்படியே இருந்தது.
உள்ளே,
விளிம்புக்கு விளிம்பு
சிலந்தி ஒன்று வலை கட்டியிருந்தது.

ஒர்த்தென்சியா துடைப்பத்தோடு ஓடிவந்தாள், அவமானத்தில்.
யாஸ்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.
கடலில் மூடுபனி விலகி
சன்னல் வெளிச்சம் வாளிக்குள் இறங்க
ஒன்றேகால் மணி நேரம்.
நிபால்தோ வெள்ளை அட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தார்,
தோள் நடுங்க, ஒரு வார்த்தை பேசாமல்.
மிச்ச நேரத்தில்
பதினோரு வளையத்தையும் வரிசையாக வைத்து
பக்கத்தில் நூறு பெசோ நாணயம் போட்டு
அளவு தெரிய ஒன்று எடுத்தாள்.

சாந்தியாகோக்காரர்கள் நாணயப் படத்தை எடுத்துக்கொண்டார்கள்.
வாளி அவர்களுக்குப் புரியவில்லையாம்.
அதை நாங்களே பெரிதாக அச்சடித்துக்
கடைக் கண்ணாடியில் ஒட்டினோம்.

மழை தொடங்கிய வாரம் ஒருவர் உள்ளே வந்தார்.
தொப்பியைக் கழற்றினார், படத்தையே பார்த்தார்,
பிறகு மெல்லக் கேட்டார்:
அந்த வாளி என்ன விலை?

நிபால்தோ இன்னும்
கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.