நூற்று எழுபத்தாறாம் பக்கம்

அட்டை போயிருந்தது. எழுதியவர் பெயரும் அதோடு போயிருந்தது.
மஞ்சக்குப்பம் நூலகத்தில், சிறுவர் அலமாரியின் அடித்தட்டில்
நமத்த அப்பளம் மாதிரி உப்பிக் கிடந்தது.
"அதுல முடிவு கிடையாது பாப்பா" என்றார் நூலகர்.
அதற்காகவே எடுத்தேன்.

கோட்டைச் சுவரில் பீரங்கி.
கம்பெனிக்காரர்கள் காசு கொடுத்தாயிற்று.
குண்டு போய் விழுகிற தூரம் வரை
மண் அவர்களுடையது என்று பேச்சு.
குண்டின் பின்னாலேயே ஓட, விழுந்த இடத்தில் கொடி நட,
ஒரு பணம் கூலிக்குக் குப்பாண்டியைப் பிடிக்கிறார்கள்.
பன்னிரண்டு வயது. முயல் கால்.

குண்டு விழுகிறது,
பொன்னுருவி வீட்டுக் கிணற்றைத் தாண்டி ஒன்பது முழத்தில்.

அன்று ராத்திரி கொடியைப் பிடுங்கிவிட்டு
சாக்கில் கட்டி இழுக்கிறார்கள் அந்த இரும்பை,
கிணற்றுக்கு இந்தப் பக்கம் கொண்டுவர.
மணலில் விழும் தடத்தை
பொன்னுருவி பாவாடையால் அழித்துக்கொண்டே வருகிறாள்.
பக்கம் நூற்று எழுபத்தாறு, கடைசி வரி:
'தாழம்புதருக்குப் பின்னால் ஒரு விளக்கு. அதைப் பிடித்திருந்த கை
குப்பாண்டிக்கு நன்றாகத் தெரிந்த'

அவ்வளவுதான்.
தெரிந்த யார்?

தலையாரி என்றாள் ஜெனிட்டா.
பொன்னுருவியின் அப்பா என்றேன் நான்.
நான்கு நாள் பஸ்ஸில் சண்டை. கண்டக்டர் எங்களைப் பிரித்து உட்காரவைத்தார்.
சனிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு
குண்டு சாலை முழுக்கப் போனோம்.
குண்டு உப்பலவாடியில் ஒரு பம்புசெட் அருகே
ஜெனிட்டாவின் கையால் ஒன்பது முழம் அளந்தோம்.
நாய் துரத்தியது.
கெடிலம் கடலில் சேருகிற பக்கம்
மிச்சமிருந்த செங்கல் சுவரில்
யாரோ யாரையோ காதலித்த சேதி மட்டும்தான் இருந்தது.

அப்புறம்தான் முதல் தாளில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டைப் பார்த்தோம்.
கடைசி முத்திரை: 28 டிசம்பர் 2004.
உறுப்பினர் எண் 2114.
அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.
ஜெனிட்டா விரலை அந்தத் தேதிமேல் வைத்தாள்.
அதற்கு இரண்டு நாள் முன்னால் என்ன நடந்தது என்று
கடலூரில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை.
நாங்கள் அப்போது பிறக்கவில்லை. ஆனாலும் கேட்டதில்லை.

பழைய பதிவேட்டில் முகவரி இருந்தது. தேவனாம்பட்டினம்.
வெற்றிநாதன் போட் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தார்,
முழங்கை வரை கிரீஸ்.
புத்தகத்தை நீட்டினேன்.
கையை லுங்கியில் துடைத்தார். துடைத்தும் தொடவில்லை.

"ஞாயித்துக்கிழமை. வலை மேல உக்காந்து படிச்சிக்கிட்டிருந்தேன்."
ஒரு ஸ்பேனரை எடுத்தார், வைத்தார்,
அதே ஸ்பேனரை மறுபடி எடுத்தார்.
"மூணு நாள் கழிச்சி வேப்பமரத்துக் கெளையில கெடைச்சிது.
புஸ்தகம்.
யாரோ கொண்டுபோயி லைப்ரரில குடுத்துட்டாங்க. ஃபைன் போடல."

கேட்கக் கூடாதோ என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே
ஜெனிட்டா கேட்டுவிட்டாள்:
"அண்ணா, வெளக்கு புடிச்சிருந்தது யாரு?"

"நானும் அந்தப் பக்கத்துலதான் இருந்தேன்.
விரிச்சி வெச்ச எடத்துலயே பிஞ்சிருக்கு பாரு."
முதல்முறையாக நிமிர்ந்தார்.
இருபது வருஷமாக வாயில் வைத்திருந்தது போல
மெதுவாகக் கேட்டார்:
"அந்தப் பையன் தப்பிச்சானா?"

"தப்பிச்சிட்டான்" என்றாள் ஜெனிட்டா, மூச்சுவிடாமல்.
"கெணறும்" என்றேன் நான்.

கயிற்றைச் சுண்டினார். இன்ஜின் ஒருதரம் இருமி நின்றது.
"அப்ப வெளக்கு யாருது?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
"சனிக்கெழம வந்து சொல்றோம்ணா."

புத்தகத்துக்கு இன்னும் ஆறு நாள் தவணை இருக்கிறது.