ஒரு விரல் கீழே

பணகுடி ஆஸ்பத்திரியில் கரண்ட் போய்
ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருந்த நேரம் வந்தார்கள்.
ஆனிக்காற்று கதவைத் தானே திறந்துவிட்டது.
பையனுக்குப் பதினோரு மாசம்.
விடிகாலையிலிருந்து பதினெட்டு தடவை போச்சி
என்றாள் அம்மை,
பிறகு எண்ணவில்லையாம்.

உச்சிக்குழி அமுங்கிக் கிடந்தது.
வயிற்றுத்தோலைக் கிள்ளி விட்டால்
கிள்ளியபடியே நின்றது.
கண் திறந்திருந்தும் யாரையும் பார்க்கவில்லை,
அவளைக்கூட.

கிரேஸ் பொன்செல்வி சிஸ்டர்
இருபத்தாறு வருஷமாக
இருட்டிலும் நரம்பு பிடிப்பவள்.
புறங்கையைத் தட்டினாள், கணுக்காலைத் தேய்த்தாள்,
தலையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டும் பார்த்தாள்.
"ஒண்ணும் ஆப்பிடல டாக்டர்."
அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஹைகிரவுண்டில் இதற்கென்று
குட்டி டிரில் ஒன்று இருக்கிறது, விர்ரென்று போகும்.
இங்கே டிராயரில்
கைப்பிடி வைத்த ஊசி,
காலாவதிக்கு இரண்டு மாசம் பாக்கி,
உறை பிரிக்காதது.

நான் இதை ஆட்டுக்காலில்தான் செய்திருக்கிறேன்.
வள்ளியூர் ரோட்டில் மைதீன் பிச்சை கடையில்
நாலு கால் கேட்டேன்.
"சூப்புக்கா டாக்டரம்மா, வெட்டித் தரட்டா?"
வெட்டாதீய, முழுசா வேணும் என்று வாங்கிவந்து
குவார்ட்டர்ஸ் சமையல் மேடையில்
ஒவ்வொன்றாகத் துளைத்தேன்.
பிறகு சூப்பும் வைத்தேன்.
ஆட்டுக்காலுக்கு அம்மை வெளியே நிற்பதில்லை.

இவள் வெளியேயும் நிற்கவில்லை.
போகச் சொன்னோம், போகவில்லை.

முழங்காலுக்குக் கீழே அந்தச் சின்ன மேடு.
அதற்கு ஒரு விரல் கீழே, உட்பக்கமாக,
எலும்பு தட்டையாக
தோலுக்கு அடியிலேயே படுத்திருக்கிறது.
மேலே தப்பினால் அது வளர்கிற இடம்.
அவன் இன்னும் மூன்றடி வளரவேண்டும்.
காலுக்கு அடியில் கையைக் கொடுக்காதே,
உன் கையிலும் இறங்கும் என்று
சொல்லித் தந்திருந்தார்கள்.
கையை எடுத்து
ஒரு சுருட்டிய துண்டை வைத்தேன்.

நரம்பு வற்றினால் சுருங்கி ஒளிந்துகொள்ளும்.
எலும்புக்கு அந்தத் தந்திரம் தெரியாது.
உடம்பு மொத்தமும் கதவடைத்த பிறகும்
மஜ்ஜைக்குள் ஒரு வாசல்
மூட முடியாமல் திறந்தே கிடக்கிறது.

திருகினேன்.
திருகத் திருக எலும்புதான், எலும்புதான்,
திடீரென்று கைக்கு அடியில்
ஒன்றுமே இல்லை.
விட்டுப் பார்த்தேன்.
ஊசி தானாக நின்றது.

"எறங்கிட்டு" என்றது பின்னால் ஒரு குரல்.
அப்பன். போர்வெல் லாரியில் ராடு மாட்டுகிறவன்,
புருவம்வரை வெள்ளைப் புழுதி.

சிரிஞ்சில் இழுத்தால் ஒரு பொட்டு ரத்தம்.
சலைன் பத்து மில்லி தள்ளினேன்.
குத்தும்போது முனகாத பயல்
அப்போது அலறினான்.
எலும்புக்குத் தண்ணீர் போகும்போதுதான் வலி.
அம்மை என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.
சிஸ்டர் சிரித்துவிட்டாள்,
"அழட்டும்மா, நல்லா அழட்டும்."

கெண்டைக்கால் வீங்குகிறதா என்று தடவித் தடவி
எட்டு சிரிஞ்ச்.
ஏழாவதில் புறங்கையில் ஒரு நரம்பு
பச்சையாக எழுந்து வந்தது.
"இம்புட்டு நேரம் எங்கல போயிருந்த"
என்று அதைத் திட்டினாள் கிரேஸ் பொன்செல்வி.

நூற்றெட்டில் ஏற்றும்போது அப்பன் கேட்டான்,
"எத்தன அடி?"
எனக்குப் புரியவில்லை.
"ஊசி. எத்தன அடி போச்சி?"
ஒரு சென்டிமீட்டர் இருக்கும் என்றேன்.
தலையாட்டிக்கொண்டே நின்றான்.
நேற்று ராத்திரி சமூகரெங்கபுரத்தில்
எழுநூறு அடி போட்டும்
புழுதிதான் வந்ததாம்.
டிரைவர் ஹாரன் அடித்தார்.

ரெஃபரல் சீட்டில் ஊசி போட்ட இடத்துக்கு
வலது கை, இடது கை,
இரண்டே கட்டம்.
ஓரத்தில் எழுதினேன்: இடது கால், எலும்பு.
இருபத்துநாலு மணி நேரத்துக்குள் எடுக்கவும்.
அடிக்கோடு போட்டதில் பேப்பர் கிழிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மைதீன் பிச்சை
ஒரு காலைத் தூக்கிக் காட்டி,
"முழுசாத்தானே?" என்றார்.

வெட்டியே தாங்க என்றேன்.