எண்பத்தாறு சென்டிமீட்டர்

படிவம் கேட்கிறது:
எவ்வளவு உயரத்திலிருந்து?
யாஸ்னா அளவுநாடாவை இழுத்துப் பார்க்கிறாள்.
மெத்தை விளிம்பிலிருந்து தரைவரை
எண்பத்தாறு.
இரண்டு வயது ரெனாத்தோவின் உயரமும்
ஏறக்குறைய அதுதான்.
தன் உயரத்துக்கே விழுந்திருக்கிறான்,
தலை முந்த.

படிவம் கேட்கிறது:
அருகில் யாரேனும் இருந்தார்களா?
இருந்தாள்.
அம்மா ஒர்ஃபெலினா,
ஒரு சாண் தள்ளி, நாற்காலியில்.

நிமோனியாவோடு மகனைச் சிறு விமானத்தில்
முன்னே அனுப்பிவிட்டு
படகுத்துறையில் இரண்டு நாள் கிடந்தவள்.
ஜலசந்தியில் காற்று அடங்கவில்லை.
மூன்றாம் நாள் படகேறி, வாந்தியெடுத்து,
ஈர பூட்ஸோடு புன்தா அரேனாஸில் இறங்கி
நேரே வார்டுக்கு வந்தாள்.

அவன் கையைப் பிடித்துக்கொள்ளத்தான்
தடுப்புக் கம்பியை இறக்கினாள்.
பிடித்தபடியே கண்ணயர்ந்தாள்.

விழி என்ற சொல்லின்
உச்சியில் நிற்கும் சுழி
சரிந்து அடியில் இறங்கினால்
விழு என்றாகிவிடுகிறது நம் எழுத்தில்.
அன்றிரவு நடந்தது அவ்வளவே.
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

நெற்றியில் ஒரு புடைப்பு.
ஸ்கேனில் ஒன்றுமில்லை.
காலையில் வாழைப்பழம் கேட்டு அழுதான்.
ஒர்ஃபெலினாவுக்கு மட்டும்
அந்தத் 'தொப்' இன்னும் கேட்டுக்கொண்டேயிருக்கிறது,
ஓடாத குழாயடியில்கூட.

படிவம் கேட்கிறது: காரணம்?
முதல் கட்டம், தாயின் கவனக்குறைவு.
பேனா அதன் மேலேயே நிற்கிறது.

நாலாம் கட்டிலின் கொண்டி
மே மாதத்திலிருந்தே சிக்குகிறது.
கொஞ்சம் தூக்கி, தன்பக்கம் இழுத்து,
அப்புறம்தான் தள்ள வேண்டும்.
நர்ஸுகளின் கைகளுக்குத் தெரியும்.
அம்மாக்களுக்கு?
சுவரில் அறிவிப்பு இருக்கிறது,
நெட்டையான டாக்டர் ஒருவரின் கண்மட்டத்தில்,
எறும்பு எழுத்தில்.

கட்டங்களைத் தாண்டி ஓரத்தில் எழுதுகிறாள்:
'எப்படி ஏற்றுவது என்று
நாங்கள் அவருக்குக் காட்டவில்லை.'
அடியில் கையெழுத்து, யாஸ்னா மான்சீயா.
மேலதிகாரி கூப்பிடுவார்.
கூப்பிடட்டும்.

பிறகு விளக்கைப் போடாமல்
ஒர்ஃபெலினாவின் கையைக் கொண்டியில் வைக்கிறாள்.
தூக்குங்கள். இழுங்கள். தள்ளுங்கள்.
க்ளிக்.
"கேட்டதா?
கண்ணை நம்ப வேண்டாம், இந்தச் சத்தத்தை நம்புங்கள்."
ஐந்தாறு முறை.
ரெனாத்தோ விழித்து
ஏழாவது க்ளிக்கைத் தன் வாயால் போடுகிறான்.

காலை எட்டு மணி.
வீதியில் ஆளைத் தள்ளும் காற்று.
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ள
மூலைக்கு மூலை கயிறு கட்டியிருக்கிறார்கள்.
தபால்காரர் பிடிக்கிறார்,
கம்பளிக்கோட்டு வக்கீல் பிடிக்கிறார்.
கயிற்றைப் பிடித்தவனைப் பார்த்து
உனக்குக் கால் இல்லையா என்று
இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை.

பாதி வழியில் நின்றுவிடுகிறாள்.
கடைசியாக மருந்து கொடுத்துவிட்டு
நாலாம் கட்டிலின் தடுப்பை
ஏற்றினேனா?

கை நினைக்கிறது, ஏற்றினாய் என்று.
காது நினைவில்லை என்கிறது.

திரும்புகிறாள், காற்றுக்கு எதிராக,
கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி.
மூன்று தெரு. இரண்டு மாடி.
பேண்ட்டேஜ் பெட்டியோடு வந்த பகல் நர்ஸ்
என்ன மறந்தாய் என்கிறாள்.

தடுப்பு ஏறித்தான் இருந்தது.
யார் ஏற்றியதென்று தெரியவில்லை.
நாற்காலியில் ஒர்ஃபெலினா தூங்குகிறாள்,
கம்பிகளுக்கிடையே ஒரு விரலை நீட்டியபடி.
உள்ளேயிருந்து அதைப் பிடித்துக்கொண்டு
அவனும்.

யாஸ்னா கொண்டியை மெல்ல அழுத்திப் பார்க்கிறாள்.
அசையவில்லை.
இன்னொரு முறையும்
அழுத்திப் பார்க்கிறாள்.