முன்னூற்றுத் தொண்ணூறு

விலை முன்னூற்றுத் தொண்ணூறு டாலர், வரி தனி.
பனிவண்டியை இடுப்புயரம் தூக்கி நிறுத்தும்
நெம்புகோல் வைத்த இரும்புத் தாங்கி.
வண்டியை இன்று விற்றால்
அறுநூறு தருவதாக ரொசேர் சொல்கிறான்,
அதுவும் குடித்திருக்கும்போது.

இதுவரை எங்கள் தாங்கி
இரண்டு பால்கூடை, ஒரு பிர்ச் மரத்துண்டு,
"பிடி, பிடி, விட்டுடாதே" என்று கத்தும் கிஸ்லேன்.
போன செவ்வாய் கூடை நொறுங்கியது.
வண்டிக்கும் என் முழங்காலுக்கும் நடுவே
ஓர் அங்குலம்.
அவள் கணக்கில்
அந்த அங்குலமே முன்னூற்றுத் தொண்ணூறு பெறும்.
என் கணக்கில்
தப்பியது தப்பியதுதான்.

ஆமோஸ் ஊர்ப் பட்டறையில் மூன்று வாரம் காத்திருக்கணும்.
அதற்குள் ஏரி இளகத் தொடங்கிவிடும்.

சரி என்று கடைக்குப் போன் போட்டேன்.
இருக்கிறது, வந்து எடுத்துக்கொள் என்றார்கள்.
கடை ஏரிக்கு அக்கரையில்.
சாலையைப் பனி மூடி நான்கு நாள்.
போக வேண்டுமானால் வண்டி ஓட வேண்டும்,
ஓட வேண்டுமானால்
கிழிந்த டிராக்கை மாற்ற வேண்டும்,
மாற்ற வேண்டுமானால்

கிஸ்லேன் சிரித்த சிரிப்பில்
ஷெட் கூரையிலிருந்து ஒரு பாளம் சரிந்தது.

பழைய மரத்துண்டையே உருட்டி வந்தோம்.
மைனஸ் பதினெட்டில்
ஸ்பானர் என் விரல்தோலைக் கவ்விக்கொள்ள
ஊதி ஊதிப் பிரித்தாள்.
ஒன்றரை மணிக்கு டிராக் ஏறியது.
இன்ஜின் இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது.

இப்போது அக்கரைக்குப் போகலாம்.
இப்போது தாங்கி எதற்கு?

நான் கேட்கவில்லை.
அவள் சறுக்குத் தொட்டியை வண்டியின் பின்னால் மாட்டுகிறாள்,
ஒரு பெட்டி கொள்ளுமளவு
கயிற்றை நீளமாக விட்டு.